சின்ன வயசுத் துணிச்சல் 36 வயசுல திரும்ப வருமா?

இடவப்பாதி எழுதியது:

வயசு 36. மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு பார்க்கிறேன். காலை 9 மணிக்குப் போனால் இரவு 8 ஆகும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பேச்சுப்போட்டி, குளத்தில் இக்கரைக்கு அக்கரை நீச்சல், எதற்கும் முதல் ஆளாகக் கை தூக்குவேன். இப்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டி வைக்கணும் என்று 3 வருஷமாக நினைப்பு. 20 பெட்டிக்கு நோட்டில் கணக்கெல்லாம் போட்டாச்சு. ஒரு பெட்டிகூட வாங்கவில்லை. டிஎன்பிஎஸ்சிக்கு 2 தடவை பணம் கட்டி, ஹால் டிக்கெட்டும் எடுத்து, பரீட்சைக்குப் போகாமல் இருந்துவிட்டேன். குளத்தில் இறங்கக்கூட இப்போது பயம்.

மோட்டிவேஷன் வீடியோ நிறையப் பார்த்தாச்சு. பார்க்கும்போது ஒரு சூடு ஏறும், காலையில் எழுந்தால் ஒன்றும் இருக்காது. உருப்படியாக என்ன செய்யணும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை_ஆலோசகர் எழுதியது:

(நான் மனநல ஆலோசகர்.)

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு முயற்சி வேறு, திறமை வேறு என்று பிரிக்கத் தெரியாது. அதிகம் முயன்றவன் அதிகம் கெட்டிக்காரன், அதுதான் அவன் கணக்கு. 10 முதல் 12 வயதுக்குள்தான் அது தெளிவாகப் பிரிகிறது. ஜான் நிக்கோல்ஸ் என்ற உளவியலாளர் 1978-ல் இதைப் படிப்படியாகக் காட்டினார். பிரிந்த பிறகுதான் 'ரொம்பக் கஷ்டப்பட்டுப் படிக்கிறான்னா மண்டையில சரக்கு கம்மி' என்ற நினைப்பே வரும். முயன்று தோற்றால் மானம் போகும், முயலாமலே இருந்தால் 'முயன்றிருந்தால் கிடைத்திருக்கும்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஹால் டிக்கெட் எடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் போகாமல் இருப்பதில் இந்தக் கணக்குக்குப் பெரும்பாலும் ஒரு பங்கு இருக்கும். சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளையின் அறியாமை திரும்ப வராது. ஆனால் அவன் எந்த ஏற்பாட்டில் துணிந்தானோ அந்த ஏற்பாட்டைத் திரும்பப் போடலாம். குளத்தில் நீச்சல் படிக்கிற பையனைக் கவனியுங்கள். இரண்டு நெற்றுத் தேங்காயை நாரில் சேர்த்துக் கட்டி நெஞ்சுக்கடியில் வைத்துக்கொள்வான். படித்துறையிலிருந்து ஒரு ஆள் நீளம் போவான், திரும்புவான். ஒரு சாயங்காலத்துக்குள் 40 தடவை. தப்பினால் மூக்கில் தண்ணீர் ஏறும், நஷ்டம் அவ்வளவுதான். சரியா தப்பா என்று அந்த நொடியே தெரிந்துவிடும். பக்கத்தில் அவனைவிட ஒரு வயது மூத்தவன் நீந்திக்கொண்டிருப்பான். யாரும் மார்க் போடுவதில்லை.

இனி உங்கள் தேன்பெட்டித் திட்டத்துக்கு வாருங்கள், பார்ப்போம். 3 வருஷத்தில் முயற்சி பூஜ்யம். முதல் முயற்சியே 20 பெட்டி. தப்பினால் கைக்காசு போகும், வீட்டில் பேச்சு விழும். முடிவு தெரிய ஒரு வருஷம். இந்த ஏற்பாட்டில் அந்தப் பையனையே கொண்டுவந்து நிறுத்தினாலும் கரையில்தான் நிற்பான்.

'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் நான்கு ஊற்றுகளாகச் சொன்னார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் தைரியம், அந்த நேரத்தில் உடம்பு இருக்கும் நிலை. முதலாவதுக்குத்தான் வலு அதிகம். வீடியோ உங்களுக்குத் தருவது மூன்றாவதை. அனுபவம் பின்னால் வந்து தாங்கவில்லை என்றால் அது சீக்கிரம் வற்றிவிடும், விடியும்போது ஒன்றும் இல்லாததற்குக் காரணம் அதுதான். இரண்டாவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 500 பெட்டி வைத்திருப்பவரைப் பார்த்தால் உங்களுக்கு நம்பிக்கை வராது, மலைப்புதான் வரும். போன வருஷம் 2 பெட்டி வைத்து அதில் ஒன்றை இழந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் உங்களுக்குப் பிரயோஜனம்.

செய்ய வேண்டியது: 3 மாசத்துக்கு ஒரே ஒரு காரியம். டிஎன்பிஎஸ்சியை அலமாரியில் வையுங்கள். தேன்பெட்டியில் அடுத்த அடி என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள், யார் பார்த்தாலும் 'செய்தான்' 'செய்யவில்லை' என்று சொல்லக்கூடிய மாதிரி. 'தேனீ பற்றித் தெரிந்துகொள்வேன்' ஆகாது. 'ஞாயிறு காலை 7 மணிக்கு ஒருவர் பெட்டி திறப்பதை நின்று பார்ப்பேன்' ஆகும். பக்கத்தில் 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள், இதை நிச்சயம் செய்வேன் என்பதற்கு எவ்வளவு என்று. 7-க்குக் கீழே வந்தால் உங்கள் மேல் குறை இல்லை, அடிதான் பெரிசு. ஏன் 5 என்று கேளுங்கள். 'யாரைப் போய்ப் பார்ப்பது என்று தெரியாது' என்று பதில் வந்தால், அடுத்த அடி பெட்டி பார்ப்பது இல்லை, ஒரு போன் கால். எண் 7-ஐத் தாண்டும் வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாவற்றிலும் 10 வந்தால் ரொம்பச் சின்னதாக வெட்டிவிட்டீர்கள், அதில் ஜெயித்தாலும் மனசு அதைக் கணக்கில் சேர்க்காது.

பிறகு அதை ஒரு நேரத்தோடு முடிச்சுப் போட வேண்டும். பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதிய முறை: 'இது நடந்தால் இதைச் செய்வேன்.' உங்களுக்கு: 'காலைச் சாயா கிளாஸைக் கழுவி வைத்ததும் பின்பக்கம் போய் 15 நிமிஷம்.' இரவில் வைக்காதீர்கள். 11 மணி நேரம் கடையில் இருந்து வருகிறவருக்கு 9 மணிக்கு மிச்சம் இருப்பது போன் பார்க்கிற தெம்பு மட்டும்தான். நம்ம ஜில்லாவில் மழைக்கென்று இன்னொரு வரி தனியாக வேணும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் நம்மை விடாது, அக்டோபரில் வரும் துலாம் மழையும் விடாது. 'மழை பெய்தால் திண்ணையில் இருந்து, பெட்டிக்குள் அடை கட்ட வைக்கிற மரச்சட்டத்தில் கம்பி கட்டுவேன்' என்று முன்கூட்டியே எழுதாதவர் ஜூன் மாசத்தில் நின்றுவிடுவார்.

நோட்டில் தேதி, செய்தது, நடந்தது. மனசு எப்படி இருந்தது என்பதற்கு இடம் வைக்காதீர்கள், அந்தக் கட்டம் மற்ற மூன்றையும் தின்றுவிடும்.

குமரி_சிங்கம் எழுதியது:

எடே மக்கா, இவ்வளவு எதுக்கு? 21 நாள் விடாம ஒரு காரியம் செய்தா பழக்கமாயிரும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடு, ஊருக்கே தெரிஞ்சா வெக்கத்துக்காவது செய்வே. மன உறுதிதான் எல்லாம்.

தக்கலை_ஆலோசகர் எழுதியது:

சிங்கம், 21 நாள் கதையின் மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக *குறைந்தது* 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் வைத்துப் பார்த்ததில், ஒரு செயல் தானாக நடக்கிற அளவுக்கு வரச் சராசரி 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டுகிற எண்கள், போக்கை வைத்துக் கணக்கிட்டவை). 22-ஆவது நாளும் கஷ்டமாக இருந்தால் 'நான் லாயக்கில்லை' என்று விடுகிறவர்கள்தான் இந்த 21-க்குப் பலி. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. விட்டால் மறுநாள் சாதாரணமாகத் தொடர வேண்டியதுதான். 'நேற்று விட்டதுக்கு இன்று இரட்டிப்பு' என்று போனால் மூன்றாம் நாள் படுத்துவிடும்.

ஸ்டேட்டஸ் விஷயமும் இடிக்கும். கோல்விட்சர் குழுவே 2009-ல் பார்த்தது: 'நான் இப்படிப்பட்ட ஆள் ஆகப்போகிறேன்' என்ற எண்ணத்தைப் பிறர் கவனித்துவிட்டால், அதற்கான உழைப்பு குறைகிறது. சொன்னதிலேயே பாதி ஆனது போல ஒரு நிறைவு வந்துவிடுகிறது. தம்பி, 20 பெட்டித் திட்டத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்? இனி ஒரே ஆளிடம், அதுவும் செய்து முடித்ததை மட்டும் சொல்லுங்கள்.

மேல்புறம்_தேனீ எழுதியது:

மக்கா, அந்த 20 பெட்டிக் கணக்கை முதல்ல கிழிச்சுப் போடு. தொடக்கத்துக்கு 2 பெட்டி. ஒன்று போதாது, ஏன்னா ஒன்றில் ஏதாவது சரியில்லை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேணும். ஒன்றில் ராணி போனால் மற்றதிலிருந்து முட்டை உள்ள சட்டம் ஒன்றை எடுத்து வைக்கலாம், தேனீக்களே அதிலிருந்து ராணி வளர்த்துக்கொள்ளும்.

எப்போது தொடங்குகிறோம் என்பதில்தான் நிறையப் பேர் மனசு உடைகிறது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடிய நம்ம பக்கம் பஞ்ச காலம். மழையில் தேனீ வெளியே போகாது, பூவும் இல்லை. அப்போது வாங்கி வைத்தால் சர்க்கரைப் பாகு ஊற்றிக்கொண்டே இருக்கணும், ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர். ஊற்ற மறந்தால் கூட்டத்தோடு பறந்து போகும். 'எனக்குக் கைராசி இல்லை'ன்னு ஆள் சொல்லிக்கிடும். கைராசி எங்கே வந்தது, மாசம் தப்பு. துலாம், விருச்சிகத்தில், அதாவது அக்டோபர் நவம்பர் வாக்கில், கூட்டைப் பிரிக்கிற நேரத்தில் வாங்கினால் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் வருவதற்குள் கூடு பலமாகும். ரப்பரில் தேன் பூவிலிருந்து இல்லை, இளந்தளிர் இலைக்காம்பில் இருக்கிற சுரப்பியிலிருந்து. பிப்ரவரி, மார்ச்சில் அது வழியும். முதல் வருஷமே கையில் தேன் பார்த்தவன் பிறகு இந்தத் தொழிலை விடமாட்டான்.

ஆலோசகர் அந்தப் பையன் 40 தடவை முயல்கிறான் என்று சொன்னாரே, அதைத் தேன்பெட்டியில் அப்படியே செய்யாதே. தினமும் மூடியைத் திறந்து பார்க்கிறவன் பெட்டியில் ஈ நிற்காது. வாரத்துக்கு ஒரு தடவை, வெயில் இருக்கிற நேரம், 10 நிமிஷத்துக்குள். மற்ற நாள் வெளியே நின்று வாசலைப் பார். காலில் மஞ்சளாக மகரந்தம் ஒட்டிக்கொண்டு வருகிறதா? வந்தால் உள்ளே பெரும்பாலும் ராணி இருக்கிறது, புழு வளர்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா? ஸ்டாண்டின் காலுக்கடியில் வைக்கிற கிண்ணம் காய்ந்தால் எறும்பு ஏறும். வாசலை எண்ணுவதும் ஒரு முயற்சிதான்: 1 நிமிஷத்தில் எத்தனை ஈ மகரந்தத்தோடு உள்ளே போகிறது என்று நோட்டில் எழுது. ஒரு மாசத்தில் திறக்காமலேயே சொல்லிவிடுவாய்.

முதல் வருஷம் தப்பு நடக்கிற இடம் மூன்று. பலமில்லாத கூட்டில் பழைய அடையை விட்டுவைத்தால் மெழுகு அந்துப்பூச்சி விழும், வலை பின்னின மாதிரி இருக்கும். இரண்டாவது பட்டினி. அடையில் தேன் இருக்க வேண்டிய அறைகள் காய்ந்து கிடந்தால், கூடு பாகு கேட்கிறது என்று அர்த்தம். மூன்றாவது ஆசை. தேன் அறைகளில் முக்கால் பாகத்தை ஈ மெழுகால் மூடுவதற்கு முன் தேன் எடுத்தால் தண்ணீர் அதிகம் இருக்கும், பாட்டிலில் நுரைத்துப் புளிக்கும். அரசாங்க விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அந்தப் பேரில் புளித்த தேன் விற்கிறவனை எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று. 1990-களின் தொடக்கத்தில், தேனீப் புழுவைக் கொல்லுகிற சாக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியா முழுக்கக் கூடு கூடாக அழிந்தது. நம்ம ஜில்லாவிலும் பெட்டி காலியாகிக் கிடந்தது. அப்போது தப்பித்த கூட்டிலிருந்து பிரித்துப் பிரித்துத்தான் திரும்ப வந்தார்கள். அதனால் 2-ல் 1 போனால் தலையில் கை வைக்காதே, மிச்சம் இருக்கிறதைப் பிரி.

மருத்துவாழ்மலை எழுதியது:

உடம்பையும் பாருங்கள். 36 வயதில் எதிலும் ஈடுபாடு இல்லை, காலையில் எழவே பிடிக்கவில்லை என்று இருந்தால், அது வெறும் தன்னம்பிக்கைப் பிரச்சினை என்று முடிவு கட்டுவதற்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்), பி12, சர்க்கரை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். குறட்டை விட்டுத் தூங்கி, பகலில் தூங்கி விழுபவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரி 'கொஞ்சம்' போடுகிற பழக்கம் இருந்தால் அடுத்த நாள் காலை 15 நிமிஷத்தை அது தின்றுவிடும்.

மனச்சோர்வோ ஆர்வமின்மையோ 2 வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் இருந்து, தூக்கமும் சாப்பாடும் மாறியிருந்தால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு ஓபிக்குப் போங்கள். பேச மட்டும் வேணும் என்றால் டெலி மானஸ் 14416, காசு இல்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே.

இடவப்பாதி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டெஸ்ட் எடுக்கிறேன். 'தேனீ வளர்ப்பவர் ஒருவருக்குப் போன் பண்ணுவேன்' என்பதற்கு 8 வருது. 'பெட்டி வாங்குவேன்' என்பதற்கு 3. நீச்சலையும் இப்படியே வெட்டலாமா? தண்ணீர் நெஞ்சு வரை வந்தாலே மூச்சு முட்டுகிறது.

வடசேரி_கோச் எழுதியது:

வெட்டலாம். தேன்பெட்டிக்கு முன்னால் இதை வைத்தால் இன்னும் நல்லது, பதில் உடனே தெரிகிற வேலை. ஆலோசகர் 3 மாசத்துக்கு ஒரு காரியம் என்று சொன்னதை மீறுகிறேன்தான், ஆனால் வாரம் 2 நாள் அரை மணி நேரம் அதைக் கெடுக்காது. ஆலோசகர் அக்கா திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

சின்ன வயசில் நீந்தியவருக்குக் கை கால் அசைவு மறக்காது. மறந்துபோவது மூச்சு. பயத்தில் மூச்சை அடக்கிவைப்பீர்கள். அடக்கினால் கரியமில வாயு ஏறி, ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும்போதே 'சாகப்போறேன்' என்று உடம்பு கத்தும். நெஞ்சு முட்டுவது அதுதான். தலையை மேலே தூக்குவீர்கள், தலை தூக்கினால் கால் தாழும், கால் தாழ்ந்தால் இன்னும் பயம்.

இடுப்பளவுத் தண்ணீரில் தொடங்குங்கள். படியைப் பிடித்துக்கொண்டு வாய் மட்டும் தண்ணீருக்குள், குமிழி விட்டு முழு மூச்சையும் ஊதுங்கள், வெளியே வந்து இழுங்கள். 10 தடவை, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு 10. மூக்கும் உள்ளே போய், கண்ணும் போய், தலையும் முழுகும் வரை நாளுக்கு ஒரு படி. 20 குமிழியும் பதறாமல் வருகிற அன்றைக்குத்தான் படியை விட்டு மிதக்கப் பாருங்கள்: முகம் தண்ணீரில், கண் தரையைப் பார்க்க, கை முன்னால். தலை தாழ்ந்தால் இடுப்பு தானாக மேலே வரும். எழுவதற்கு முட்டியை வயிற்றுக்கு இழுத்து, காலை ஊன்றி, அதற்குப் பிறகு தலை. இந்த எழுவதைத் தனியாக 15 தடவை பழகாமல் யாரையும் ஆழத்துக்கு விடமாட்டேன். மிதக்கத் தெரிந்தும் நிற்கத் தெரியாதவர்தான் பதறுவார்.

எங்கே என்பதும் முக்கியம். குழித்துறை ஆற்றில் பழகாதீர்கள், மணல் அள்ளிய பள்ளம் இருந்தால் இடுப்பளவு என்று நினைத்த இடம் அடுத்த அடியில் ஆளை முழுக்கும். குளம் என்றால் அடிவரை படிக்கட்டு தெரிகிற, பாசி கழுவிய படித்துறை. தாமரைக்கொடி உள்ள பக்கம் வேண்டாம், காலில் சுற்றும். நீச்சல் தெரிந்த ஒருவர் கரையில் இல்லாமல் இறங்கவே கூடாது. சின்ன வயசில் தனியே குதித்ததை இப்போது நினைத்துப் பெருமைப்பட வேண்டாம், அது அதிர்ஷ்டம்.

தக்கலை_ஆலோசகர் எழுதியது:

கோச்சை இந்த ஒரு தடவை திட்டவில்லை. அவர் சொன்ன குமிழி பண்டூராவின் நான்காவது ஊற்று, உடம்பின் நிலை. நெஞ்சு படபடப்பதை 'பயம், அதனால் என்னால் முடியாது' என்று வாசித்தால் நம்பிக்கை இறங்கும். 'மூச்சை அடக்கியிருக்கிறேன்' என்று வாசித்தால் ஊதிவிட வேண்டியதுதான் வேலை.

'பெட்டி வாங்குவேன்' 3 வந்ததில் ஒன்றும் இல்லை, அதை இப்போது தொடவே வேண்டாம். போன் பண்ணியதும் அடுத்த வரி.

மேல்புறம்_தேனீ எழுதியது:

யாரிடம் போன் பண்ணுவது என்று தெரியாவிட்டால் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்விட்டு வரலாம். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது என்றும் கேள்.

யாராவது பெட்டி திறக்கிற அன்று போனால் வெள்ளையோ வெளிர் நிறமோ சட்டை. கறுப்பும், செண்ட்டும் ஆகாது, ஈ சண்டைக்கு வரும். வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடு, எவ்வளவு நேரம் விடுகிறாயோ அவ்வளவு விஷம் இறங்கும். உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது, உடம்பெல்லாம் தடிப்பது என்று வந்தால் நேரே ஆஸ்பத்திரி.

சட்டத்தைக் கையில் தந்தால் பெட்டிக்கு நேர் மேலேயே வைத்துப் பார். ராணி தவறி விழுந்தாலும் பெட்டிக்குள்ளேயே விழும்.